தாளிக்காத வீடு

வேலையில் இருந்தவரை என்னைக் கண்டு பயப்படாதவர்கள் எங்கள் பிரிவில் இரண்டே பேர். ஒருவர் பெரிய டாக்டர். இன்னொன்று ஆஸ்பத்திரி வாசலில் படுத்திருக்கும் நாய். ஓய்வு பெற்ற பிறகு நிலைமை தலைகீழாகிவிட்டது. இப்போது என் வீட்டுக்காரரே, நான் பேசிக்கொண்டிருக்கும்போது டி.வி. சத்தத்தைக் கூட்டுகிறார்.

போன மாதம் பிரியா அம்பத்தூருக்கு, என் வீட்டுக்கு வந்திருந்தாள். நான் இருந்த இடத்தில் இப்போது இருப்பவள் அவள்தான். சிறுநீரக நோய் வந்த குழந்தைகளுக்கு மருந்தை எப்படிக் கொடுப்பது என்று பெற்றோருக்குச் சொல்லித் தருவதும், அவர்கள் அதன்படி கொடுக்கிறார்களா என்று பின்னாலேயே போய்ப் பார்ப்பதும் எங்கள் வேலை. இரண்டாவது பாதிதான் கஷ்டம். அதைச் சுலபமாக்க ஒரு செயலி வந்துவிட்டது என்று பிரியா செல்போனைக் காட்டினாள். தினமும் காலையில் அது பெற்றோரைக் கேட்கிறது: 'இன்று மருந்து கொடுத்தீர்களா?' கீழே பச்சையில் 'ஆம்', சிவப்பில் 'இல்லை'.

"எல்லாரும் பச்சையைத்தான் அழுத்தறாங்க, மேடம்" என்றாள் பெருமையாக.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் முகம் சுருங்கியதும், இரண்டு முறுக்கை எடுத்து வைத்துச் சமாதானப்படுத்தினேன். முறுக்கைக் கடித்துக்கொண்டே, "அப்ப அந்த வெள்ளானூர் பாப்பா கதையை எழுதிக் குடுங்க. புதுசா வர்ற பொண்ணுங்களுக்குப் படிக்கக் குடுக்கணும்" என்றாள். எழுதச் சொன்னால் எழுதுவேன். சுருக்கமாக எழுதச் சொன்னால் மட்டும் எனக்கு வராது.

படித்த காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஹாஸ்டல் சாம்பாரைச் சகித்தோம், ஆரஞ்சுப் பழத்தில் ஊசி குத்திப் பழகினோம், பிறகு மனிதர்களைக் குத்த அனுப்பினார்கள். பல வார்டுகளில் சுற்றிவிட்டுக் கடைசியில் குழந்தைகளின் சிறுநீரகப் பிரிவுக்கு வந்தேன். அங்கே டாக்டர் கோதண்டம் இருந்தார். நான் கற்றுக்கொண்டது எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்த நோயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குழந்தைக்கு ஒருநாள் காலையில் கண் வீங்கியிருக்கும். பூச்சி கடித்தது என்பார்கள். பிறகு கால், வயிறு என்று வீக்கம் இறங்கும். சிறுநீரகம், உடம்பில் தங்க வேண்டிய புரதத்தைச் சிறுநீரில் கசியவிட்டுக்கொண்டிருக்கும். நோயை எதிர்க்க வேண்டிய உடம்பின் காவல் கொஞ்சம் புத்தி கெட்டுப்போய், சொந்தச் சிறுநீரகத்திலேயே கை வைக்கிறது. அந்தக் காவலைத் தட்டி உட்கார வைக்கத்தான் மருந்து. முதலில் ஸ்டீராய்டு. அது மட்டும் போதவில்லை என்றால் அதைவிட அழுத்தமான இன்னொன்று. அதன் பெயர் எந்தப் பெற்றோர் வாயிலும் நுழையாது. அதனால் எங்கள் பிரிவில் முதலாவதற்குச் 'சின்ன மாத்திரை', அடுத்ததற்குப் 'பெரிய மாத்திரை' என்றே பெயர்.

காவலை உட்கார வைத்தால் வீடு திறந்து கிடக்கும். அதுதான் இந்த மருந்தில் உள்ள ஆபத்து. மற்ற பிள்ளைகள் மூக்கைத் துடைத்துக்கொண்டு விளையாடப் போய்விடும் சளிக்குக்கூட எங்கள் பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டி வரும். இன்னொரு ஆபத்து சின்ன மாத்திரையில் இருக்கிறது. அதை நீண்ட நாள் சாப்பிட்டால், அதே வேலையைச் செய்யும் ஹார்மோனைச் சுரப்பதை உடம்பு நிறுத்திவிடும். வெளியிலிருந்து வருகிறதே, நாம் எதற்கு என்று ஓய்வெடுக்கப் போய்விடும். அந்த நேரத்தில் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உள்ளேயும் இருக்காது, வெளியேயிருந்தும் வராது. குழந்தை துவண்டுவிடும். குறைப்பதென்றால் டாக்டர் சொல்லி, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

டாக்டர் கோதண்டம் மெதுவாகப் பேசுவார். எவ்வளவு மெதுவாக என்றால், அவர் அறையில் எல்லாரும் முன்னால் சாய்ந்துதான் உட்கார்ந்திருப்பார்கள். கோபம் வந்தால் பேனாவை மூடுவார். அவ்வளவுதான். மற்ற டாக்டர்கள் ஃபைலை வீசியெறிந்து வரவழைக்கும் அமைதியை இவர் பேனா மூடியை வைத்தே வரவழைப்பார். பயிற்சி டாக்டர்கள் அந்த 'டிக்' சத்தத்துக்காகவே வீட்டில் படித்துவிட்டு வருவார்கள்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்தப் பெற்றோரிடமும் "மருந்து கொடுத்தீங்களா?" என்று கேட்கவே மாட்டார். நான் சேர்ந்த புதிதில் அப்படிக் கேட்டுவிட்டேன். அந்த அம்மா, "கொடுத்தேங்க" என்றார். நான் எழுதிக்கொண்டேன். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"எஸ்தர், உங்க வீட்ல பசங்ககிட்ட 'படிச்சியா'ன்னு கேட்டா என்ன சொல்வாங்க?"

"படிச்சேன்னு சொல்வாங்க சார்."

"அப்புறம் மார்க்?"

என் மூத்தவன் மார்க் அவருக்கு எப்படித் தெரிந்தது என்றுதான் யோசித்தேன்.

அவர் கேட்பது வேறு மாதிரி. "மாத்திரையை எதோட கொடுத்தீங்க? முழுங்கின பிறகு பாப்பா என்ன செஞ்சா? அட்டையில இன்னும் எத்தனை இருக்கு?" இப்படி ஊர்க்கதை கேட்பதுபோல் கேட்டுக்கொண்டே போவார். கொடுத்தவர்கள் உடனே சொல்வார்கள். கொடுக்காதவர்கள் யோசிப்பார்கள். யோசிப்பவர்களை அவர் திட்ட மாட்டார். ஏன் கொடுக்க முடியவில்லை என்று அடுத்த கதையைக் கேட்பார். கசப்பு என்று துப்பியிருக்கும், இல்லையென்றால் அம்மா ஷிஃப்டுக்குப் போயிருப்பாள், அப்பா மறந்திருப்பார். பெரும்பாலும் அப்பாதான் மறந்திருப்பார்.

அந்தப் பள்ளியில்தான் நான் கேள்வி கேட்கப் பழகினேன். புதிதாக வரும் பெற்றோருக்கு நான் ஒரு மேசையைப் போட்டு வைத்திருந்தேன். அந்த மேசைக்கு அவர்கள் வைத்த பெயர் எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். 'போலீஸ் ஸ்டேஷன்' என்று பெயர். சின்ன மாத்திரை காலையில், சாப்பிட்ட பிறகு. பெரிய மாத்திரையை உடைக்கவும் கூடாது, பொடிக்கவும் கூடாது. ஒருவேளை விட்டுப்போனால் அடுத்த வேளைக்கு இரட்டிப்பாகக் கொடுக்கக் கூடாது. விழுங்கியதும் வாந்தி எடுத்தால் எங்களைக் கேட்டுவிட்டுத்தான் மறுபடி கொடுக்க வேண்டும். காய்ச்சல் என்றால் கடையில் மருந்து வாங்காமல் நேராக எங்களிடம் வர வேண்டும். தடுப்பூசி எதுவானாலும் எங்களைக் கேட்காமல் போடக் கூடாது. இதையெல்லாம் நான் சொல்லி முடித்ததும் அவர்கள் எனக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் காபி குடித்துவிட்டு வந்து மறுபடி சொல்ல வேண்டும். காபி அவர்கள் செலவுதான்.

வீட்டில் தினமும் காலையில் சிறுநீரைச் சோதிக்கவும் சொல்லித் தருவோம். கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் எடுத்து, மேல்பக்கத்தை மட்டும் சூடாக்கி, நாங்கள் கொடுத்த மருந்தில் சில சொட்டு விட்டுப் பார்ப்பது. தெளிவாக இருந்தால் 'தண்ணி'. கலங்கினால் 'மோர்'. கட்டி கட்டியாகத் திரண்டால் 'தயிர்', உடனே கிளம்பி வர வேண்டும். சில அப்பாக்கள் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கும் அழகைப் பார்த்தால் பெரிய விஞ்ஞானி என்றே நினைப்பீர்கள். மாத்திரையை மறக்கும் அதே அப்பாக்கள்தான்.

வெள்ளானூர் பாப்பாவின் அப்பா செல்வமும் அப்படி ஒரு விஞ்ஞானி. ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டினார். அம்மா லதா, அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் தைக்கப் போவாள். பாப்பா பெயர் யாழினி. அப்போது ஒன்றாம் வகுப்பு. ஸ்டீராய்டு சாப்பிட்டுக் கன்னம் உப்பியிருக்கும். தெருவில் எல்லாரும் 'நல்லா புஷ்டியா ஆயிட்டா' என்று கிள்ளுவார்கள் என்பது அவளுடைய நிரந்தரப் புகார். சின்ன மாத்திரையோடு பெரிய மாத்திரையும் தொடங்கியிருந்தோம். அம்மைத் தடுப்பூசி போடும் முன்பே நோய் வந்துவிட்டதால் அதைப் போட வழியில்லாமல் போயிற்று. மாத்திரை விழுங்க யாழினி விலை பேசுவாள். உப்புக் குறைத்த முட்டைப் பொடிமாஸ் ஒரு கிண்ணம். கிண்ணம் கண்ணுக்குத் தெரிந்தால்தான் வாய் திறக்கும்.

வீட்டில் இன்னொருவரும் உண்டு. செல்வத்தின் பெரியக்கா கஸ்தூரி. கணவர் போன பிறகு தம்பியோடு இருந்தார். லதா வேலைக்குப் போனால் பாப்பாவைப் பார்த்துக்கொள்வது அவர்தான். ஒரே ஒருமுறை என் மேசைக்கு வந்தார். நான் சொன்னதை ஒரு எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொல்லிவிட்டு, "காபி வாணாம்மா" என்று எழுந்து போனார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அவருக்கு என்னைப் பிடித்ததா என்று கேட்கும் தைரியம் வரவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் நான் வீடுகளுக்குப் போன் செய்வேன். அது கோடைக்காலம், பள்ளிக்கூடம் விடுமுறை. செல்வம் குமணன்சாவடியில் சவாரிக்குக் காத்திருந்தார். பஸ் ஹாரன் சத்தத்துக்கு நடுவே அவர் குரல் வந்தது.

"சொல்லுங்க சிஸ்டர். பாப்பா சூப்பரா கீது."

"காலைல என்ன சாப்ட்டா?"

"கஞ்சி சிஸ்டர்."

"முட்டை?"

"முட்டை இப்ப ஊட்ல செய்றது இல்ல சிஸ்டர்."

"ஏன், கோழி ஏதாவது கோச்சுக்கிச்சா?"

செல்வம் சிரித்தார். எப்போதும் என் கிண்டலுக்குப் பதில் கிண்டல் ஒன்று வைத்திருப்பார். அன்றைக்கு வெறும் சிரிப்பு மட்டும்தான் வந்தது, அதுவும் தேவைக்கு மேல்.

"மத்தியானம் என்ன கொழம்பு?"

"இன்னா சிஸ்டர் கொழம்பு, வெயிலா கீது இல்ல. மோருதான்."

"தாளிச்ச மோரா, தாளிக்காததா?"

ஹாரன் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "தாளிக்கல சிஸ்டர்" என்றார்.

தாளிக்காத வீடு என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது எனக்கு அம்மை வந்தது. எங்கள் வீடு கிறிஸ்தவ வீடு. சுவரில் வசனக் காலண்டர் தொங்கும். அந்தக் காலண்டருக்குப் பின்னால் என் அம்மா வேப்பிலையைச் செருகி வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் வந்து ஜெபித்துவிட்டுப் போகும்வரை இலையை எடுத்து ஒளித்துவிட்டு, அவர் தெரு திரும்பியதும் மறுபடி செருகினாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை. கடுகு வெடிக்கும் சத்தம் அம்மனுக்குப் பிடிக்காதாம். முட்டை, கறி எதுவும் கிடையாது. மருந்து கிடையவே கிடையாது.

"யாருக்குய்யா வந்திருக்கு?" என்றேன்.

"தங்கச்சி பையனுக்கு சிஸ்டர். நசரத்பேட்டைலேர்ந்து லீவுக்கு வந்தான். வந்த எடத்துல ஆத்தா வந்துட்டா. பாப்பாவுக்கு ஒண்ணும் இல்ல, சத்தியமா."

"பாப்பா மாத்திரை இப்ப எங்க இருக்கு?"

"பீரோ மேல எட்த்து வெச்சிட்டாங்க. ஆத்தா ஊட்ல கீற வரைக்கும் இங்கிலீஷ் மருந்து ஆவாதுன்னு அக்கா சொல்லிடுச்சி. உங்களாண்ட சொன்னா திட்டுவீங்கன்னுதான்..."

போனை வைத்துவிட்டு டாக்டர் அறைக்குப் போனேன். எதிரே ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. அவர் காதருகே குனிந்து சொன்னேன்.

"சின்ன மாத்திரையுமா?" என்றார்.

"ரெண்டுமே சார்."

டாக்டர் பேனாவை மூடினார். பிறகு, "உங்களுக்கு அம்மை வந்திருக்கா எஸ்தர்?" என்று கேட்டார். சின்ன வயதில் வந்தது என்றேன். "அப்ப நம்ம வேன்ல நீங்களே போங்க. டிரைவர் உள்ள வர வேண்டாம். பாப்பாவை முன்வாசல் வழியா கூட்டி வராதீங்க, ஹாலெல்லாம் நம்ம பிள்ளைங்க. பின்வாசல்ல கடைசி ரூமைத் திறந்து வைக்கச் சொல்றேன்." நான் வாசலுக்குப் போனதும் மறுபடி கூப்பிட்டார். "அங்க போய் அம்மனைப் பத்தி வாதம் பண்ணாதீங்க. தோத்துடுவீங்க."

வெள்ளானூரில் அந்த வீட்டு நிலையில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. வாசலிலேயே கஸ்தூரி அக்கா நின்றிருந்தார்.

"செருப்ப அங்கியே உடு. காலக் கழுவிகினு வா."

மஞ்சள் தண்ணீரில் கால் கழுவிவிட்டு உள்ளே போனேன். முன்னறையில் பையன் வேப்பிலை மேல் படுத்திருந்தான். உடம்பெல்லாம் முத்து. ஆனாலும் என்னைப் பார்த்து, ஊசி போட வந்திருக்கிறாயா என்று மிரட்டலாகக் கேட்டான். அவனைப் பற்றிக் கவலையில்லை என்று தெரிந்தது. உள்ளறையில் யாழினி பாயில் கிடந்தாள். லதா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பாப்பா உடம்பில் ஒரு முத்துகூட இல்லை. ஆனால் உதடு காய்ந்து, கண் செருகினாற்போல் இருந்தது. காலையிலிருந்து வாந்தி என்று லதா கிசுகிசுத்தாள்.

"யாழினி, மாத்திரைக்கு இன்னைக்கு என்ன வேணும்? என்ன விலை?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. இத்தனை வருட வேலையில் நான் அவ்வளவு பயந்தது கிடையாது.

கஸ்தூரி அக்காவிடம் திரும்பினேன். அவர் வாசற்படியை மறைத்துத்தான் நின்றார். ஆனால் அவர் முகத்தில் பிடிவாதம் இல்லை. பயம்தான் இருந்தது. அது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது.

"மாத்திரையை எடுத்து வெச்ச பொறவு பாப்பா எப்படி இருக்காக்கா?" என்று கேட்டேன்.

"நீயே பாக்குற இல்ல. படுத்துகினே கீது. எனக்கும் ஒரு பொண்ணு இருந்துச்சிம்மா. இவ்ளோ உயரம். ஆத்தா வந்தப்ப எங்க ஊட்டுக்காரர் கேக்காம ஊசி போட இட்டுகினு போனாரு. போட்டு இட்டாந்தாரு. மறுநாளு இல்ல. அதான், என் கையால இன்னொரு புள்ளைய அனுப்ப மாட்டேன்" என்றார்.

அந்தப் பெண் எதனால் போனாள் என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை தாமதமாகக் கூட்டிப்போயிருக்கலாம். அதை அந்தத் தாயிடம் சொல்ல எனக்கு மனசும் வரவில்லை, உரிமையும் இல்லை. போலீஸ் ஸ்டேஷன் மேசையில் இருந்த அத்தனை வசனமும் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

"நீயே சொல்லு. மருந்து குடுத்தா ஆத்தா கோச்சுக்க மாட்டாளா?" என்று கேட்டார்.

"அது எனக்குத் தெரியாதுக்கா. ஆத்தா மனசு உங்களுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரிஞ்சது இந்த மாத்திரை மட்டும்தான். இது புதுசா வாங்கினது இல்ல. ஆத்தா இந்த ஊட்டுக்குள்ள வந்தப்பவே பாப்பா வயித்துல இருந்துச்சு. அதைப் பாத்துகினுதானே அவ வந்தா? வேணாம்னு திரும்பிப் போவலையே. நடுவுல எடுத்துப் பீரோ மேல வெச்சது நாமதானே?"

எப்போது எனக்கு அந்தப் பேச்சு வந்தது, 'வந்துகினு போய்கினு' என்று எப்போது பேசத் தொடங்கினேன் என்று எனக்கே தெரியாது. அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாமி படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்தார். உதடு மட்டும் அசைந்தது. லதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். வெளியே செல்வத்தின் ஆட்டோ வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அந்த மனிதர் உள்ளே வரப் பயந்து வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார்.

அக்கா எழுந்து வந்தார். பீரோ மேலிருந்த டப்பாவை எடுத்து என் கையில் கொடுத்தார். அதன் மேல் ஒரு கொத்து வேப்பிலையை வைத்தார்.

"உத்தரவு குடுத்துட்டா. இட்டுகினு போ. இந்த எலை கொயந்த தலமாட்டுல இருக்கணும். ஊசி போடறப்போ நீ அவ கையப் புடிச்சுகினு இருக்கணும். வேற யாரும் இல்ல, நீதான்."

வேனில் லதா மடியில் பாப்பா. என் மடியில் மாத்திரை டப்பாவும் வேப்பிலையும். கழுத்துச் சங்கிலியில் சிலுவை. ஆவடி நெரிசலில் வேன் நின்றபோதெல்லாம் என் அம்மா பாஸ்டருக்குத் தெரியாமல் இலை செருகியது நினைவுக்கு வந்தது. சங்கிலியைப் பிடித்து நான் ஜெபித்துக்கொண்டேதான் வந்தேன். இலையையும் விடவில்லை.

பின்வாசல் அறையில் டாக்டர் எங்களுக்கு முன்பே வந்து காத்திருந்தார். அவர் வேகமாக நடந்து எங்கும் போய் நான் பார்த்ததில்லை, அன்றைக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்று தெரியவில்லை. வாயில் எதுவும் தங்காததால் ஸ்டீராய்டை ஊசியாகக் கொடுத்தார்கள். டிரிப்ஸ் ஏறியது. அம்மை தொற்றிய வீட்டிலிருந்து வரும் இப்படிப்பட்ட குழந்தைக்கு முன்கூட்டியே கொடுக்கும் மருந்தும் தொடங்கியது. ஊசி போடும்போது நான் கையைப் பிடித்துக்கொண்டேன். தலைமாட்டில் இருந்த கொத்தை டாக்டர் பார்த்தார். பயிற்சி டாக்டர் ஒருவன் அதை எடுக்கக் கை நீட்டினான். பேனா 'டிக்' என்றது. கை பின்வாங்கியது.

"கழுவி வெச்சிருங்க எஸ்தர்" என்றார். அவ்வளவுதான்.

சாயங்காலம் அவள் கொஞ்சம் கண் திறந்தாள். அடுத்த வாரம் அவளுக்கும் அங்கொன்றும் இங்கொன்றுமாக முத்து வந்துவிட்டது. மருந்து ஏறிக்கொண்டே இருந்ததால் அது கைக்குள் அடங்கியது. ஆனாலும் அடங்கும்வரை நான் வீட்டுக்குப் போனாலும் அங்கேதான் இருந்தேன் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். பிறகு ஒருநாள் காலையில் அந்த அறைக்குள் நான் நுழைந்ததும் யாழினி படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, "மாத்திரைக்கு ரெண்டு கிண்ணம்" என்றாள். விலையேற்றம். நான் வெளியே வந்து, கை கழுவும் இடத்தில் நின்று அழுதேன்.

அம்மை இறங்கும்வரை பெரிய மாத்திரையை மட்டும் டாக்டர் நிறுத்தி வைத்தார். இந்தச் செய்தி வெள்ளானூருக்குப் போனதும் கஸ்தூரி அக்கா எனக்குப் போன் செய்தார்.

"பாத்தியா, ஆத்தா ஒரு மாத்திரைய நிறுத்திட்டா."

"நிறுத்தினது டாக்டர்க்கா."

"அவருக்கு யாரு சொன்னதாம்?"

டாக்டர் சொன்னது சரிதான், தோற்றுவிட்டேன்.

அதற்குப் பிறகு மேசையில் நான் பேசும் விதம் மாறியது. "வீட்டில் யாருக்காவது அம்மை வந்தால் சொல்லுங்கள்" என்று சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள், சொல்ல மாட்டார்கள். அதனால், "உங்க வீட்லயோ பக்கத்து வீட்லயோ தாளிக்கலன்னா எனக்கு ஒரு போன் போடுங்க. அம்மனை நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். பாப்பாவை மட்டும் கூட்டிட்டு வாங்க. மாத்திரையை நிறுத்தாதீங்க, நிறுத்தணும்னா டாக்டர் நிறுத்தட்டும்" என்று சொல்ல ஆரம்பித்தேன். தாய்மார்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். புரிந்துகொண்டார்கள் என்று அர்த்தம். அடுக்குமாடியில் இருக்கும் சில இளம் அப்பாக்களுக்குத்தான் தாளிப்பது என்றால் என்ன என்று விளக்க வேண்டியிருந்தது.

யாழினி இப்போது பத்தாம் வகுப்பு. பெரிய மாத்திரை எப்போதோ நின்றுவிட்டது. நடுவில் ஒருமுறை நோய் எட்டிப் பார்த்ததால் சின்ன மாத்திரை மட்டும் கொஞ்சமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அது ஓடும்வரை, அம்மை ஒருமுறை வந்துபோன பிள்ளையானாலும் கவனமாகத்தான் இருக்க வேண்டும். கன்னம் வற்றிவிட்டது. அதற்கும் ஒரு புகார் வைத்திருக்கிறாள்.

போன கோடையில் ஒருநாள், நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது பிரியா போன் செய்தாள். குரலில் பதற்றம்.

"மேடம், கேட்டுக்கு வெளிய ஒரு அம்மா நிக்கறாங்க. வயசானவங்க. கூட ஒரு ஸ்கூல் பொண்ணு. என்ன விஷயம்னு கேட்டா, 'எதிர் ஊட்ல தாளிக்கல'ன்னு சொல்றாங்க. இதுக்கு எந்த டிபார்ட்மென்ட்டுக்கு அனுப்பறது?"

நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

"அந்தப் பொண்ணு காலைல மாத்திரையை எதோட சாப்ட்டான்னு கேளு" என்றேன்.

பிரியா கேட்டுவிட்டு வந்தாள். "முட்டையோடன்னு சொல்றாங்க மேடம். ஆனா உள்ள வாங்கன்னு கூப்பிட்டா வர மாட்டேங்கறாங்க. வெயில்லயே நிக்கறாங்க. 'பின்வாசல் தொறக்கச் சொல்லு, உள்ள நம்ம புள்ளைங்க கீது'ன்னு சொல்றாங்க."